இங்கிருந்து இதுவரைக்கும்

என் வகுப்பில் யாருடைய புத்தகத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் பிராக்கெட் இருக்கும். ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கும். ஒன்று என்றால், பாடத்துக்குப் பின்னால் கேட்டிருக்கும் முதல் கேள்விக்கு அந்த வரிகள்தான் விடை. பாடத்தை ஒரு தடவை வாசித்து முடித்ததும் நான் சொல்லிக்கொண்டே போவேன். "பென்சில எடு. மூணாவது வரி. இங்கருந்து இதுவரைக்கும் மொதக் கேள்வி." பிள்ளைகள் போட்டுக்கொண்டே வருவார்கள். வீட்டுக்குப் போய் பிராக்கெட்டுக்குள் இருப்பதை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு வருவார்கள். நான் படித்ததும் இப்படித்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் படித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வில்லாபுரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. நான் கத்தி முடிக்கிறவரை பொறுமையாக இருந்துவிட்டு, ஒண்ணுக்குப் போகணும் என்று ஒற்றை விரலைக் காட்டுவார்கள். கத்தினாலும் நல்ல டீச்சர் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லீவு போட மாட்டேன், வகுப்பில் போனை எடுக்க மாட்டேன், ஒரு பிள்ளையை மக்கு என்று சொன்னதில்லை. இதெல்லாம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

சிக்கல், புத்தகத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பரீட்சையில் ஆரம்பித்தது. வெளியிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதச் சொல்வார்கள். நானே பார்க்காத பத்திக்கு நான் எப்படி பிராக்கெட் போட்டுக் கொடுப்பது? முதல் தடவை என் வகுப்பு மண்ணைக் கவ்வியது. தலைமையாசிரியை திட்டவில்லை. அந்தத் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சிக்குப் போனேன். ஒரு பக்கம் என்றால் அதில் தலைப்பு இருக்கும், துணைத்தலைப்பு இருக்கும், சில சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும், கட்டம் கட்டி ஒரு தகவல் போட்டிருப்பார்கள், படத்துக்கு அடியில் ஒரு வரி இருக்கும். இதெல்லாம் எதற்காக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், படிப்பதற்கு முன்னால் இவற்றைப் பார்க்கப் பழக்குங்கள் என்றார்கள். நல்ல விஷயம்தான். நான் அதை என் வசதிக்கு வளைத்துக்கொண்டேன். படிப்பதற்கு முன்னால் என்று அவர்கள் சொன்னது, என் வகுப்புக்கு வந்து சேரும்போது படிப்பதற்குப் பதிலாக என்று ஆகிவிட்டது. கேள்வியைப் பார். அதில் இருக்கிற சொல் தலைப்பிலோ தடித்த எழுத்திலோ கட்டத்துக்குள்ளோ இருக்கிறதா என்று தேடு. கிடைத்ததா, அங்கே பிராக்கெட் போடு, எழுது, அடுத்த கேள்விக்குப் போ. பிள்ளைகள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பரீட்சையில் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எங்கள் வகுப்புதான் முதலில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். இப்போதும் இருக்கிறாள், இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம். ரெட்டைச் சடை, பேச்சு குறைவு, பென்சிலை ஊசி மாதிரி சீவி வைத்திருப்பாள். நான் தாளைக் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் பிராக்கெட் போட்டு முடித்திருப்பாள். அவளுடைய அப்பா சிம்மக்கல்லில் மூட்டை தூக்குகிறார், விடியும் முன்னாலேயே கிளம்பிவிடுவார். அம்மா ஒரு தையல் கம்பெனியில் துணியில் பிசிறு வெட்டுகிறார். அந்த அம்மாவும் அஞ்சாவது வரை படித்தவர்தான், ஆனால் விட்டுப்போய்விட்டது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு தம்பி உண்டு, நாலு வயது. அவனுக்குக் காது கேட்காது. இன்னும் பேச்சு வரவில்லை. அக்காவை வகுப்பில் விட வரும்போது அம்மாவின் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயை வாயை அசைப்பான். கத்துகிற டீச்சரை அவன் அப்படித்தான் பார்த்திருக்கிறான்.

பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாவிடம், "ஒங்க மகளுக்கு எதக் குடுத்தாலும் படிச்சு விடை சொல்லிருவா, நீங்க கவலையே பட வேண்டாம்" என்று சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டு பில், ரேஷன் கடை போர்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படிப்பது அவள்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வகுப்பு முதலில் வந்ததால், மற்ற ஆசிரியர்கள் பார்ப்பதற்காக நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு ஒன்றை என்னை எடுக்கச் சொன்னார்கள். என் பிள்ளைகளில் கொஞ்சம் பேரை வேனில் அழைத்துக்கொண்டு போனேன். அவளும் வந்தாள். புத்தகத்துக்குப் பதிலாக நோட்டீஸ்களை வைத்துப் பாடம் நடத்தினேன். கல்யாண மண்டபத்து விளம்பரம், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், சேலைக் கடைத் தள்ளுபடி நோட்டீஸ். சுற்றிலும் டீச்சர்மார் உட்கார்ந்திருந்தார்கள். என் பிள்ளைகள் தலைப்பு எது, கட்டம் எது, தடித்த எழுத்து எது என்று பொறிந்து தள்ளினார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அப்போது அவள் சேலைக் கடை நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "டீச்சர், கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கு. அத படிக்க வேணாமா?"

"அது சும்மா. அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, நீ உக்காரு" என்றேன்.

நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதைத்தான் அங்கே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சுற்றியிருந்த டீச்சர்மார் எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் எல்லாருமே சேலை எடுக்கிறவர்கள், நாங்கள் யாருமே அதைப் படித்ததில்லை. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் முகாம் நோட்டீஸ் வந்தது. ஒரு சேவை அமைப்பு காது கேளாதவர்களுக்கு இலவசமாக மெஷின் கொடுக்கிறது என்று அங்கன்வாடியில் அந்த அம்மாவிடம் நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார்கள். தம்பிக்கு மெஷின் மாட்டினால் பேச்சு வரும், அதையும் தள்ளிப்போடாமல் சின்ன வயதிலேயே மாட்ட வேண்டும் என்று ஒரு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடையில் வாங்க வசதி கிடையாது. அந்தக் குடும்பம் காத்திருந்ததே இதற்காகத்தான். அம்மா நோட்டீஸை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மகள் படித்து, என்றைக்கு, எங்கே, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அம்மா சம்பளத்தை விட்டு லீவு போட்டார். மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு, தம்பிக்குப் புதுச்சட்டை போட்டு, டவுன் பஸ் ஏறி சிம்மக்கல் பக்கம் இருக்கிற அந்த மண்டபத்துக்குப் போனார்கள்.

வரிசையில் வெகுநேரம் நின்று மேசைக்குப் போனதும், காது பரிசோதனை செய்த சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து அந்தச் சீட்டோடுதான் வர வேண்டும், நோட்டீஸிலேயே போட்டிருக்கிறதே என்றார்கள். இவர்களிடம் சீட்டு இல்லை. அடுத்த முகாம் எப்போது என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் மகளை முதுகில் நாலு சாத்து சாத்தியிருக்கிறார். மகளைக் கைநீட்டி அடித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் அவள் வந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் ஏன் லீவு என்று கேட்டுக் கத்தினேன். நல்லாப் படிக்கிற பிள்ளையே இப்படி இருந்தால் மற்றதெல்லாம் உருப்படுமா என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு என் மேசைக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து விரித்து, ஓரங்களை நீவிவிட்டாள். முதல் நாள் நடந்ததை முன்பின்னாகச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல நான் எங்க தப்புப் பண்ணேன் டீச்சர்?"

என் மேல் பழி போடுவதற்காக அவள் கேட்கவில்லை. கணக்குத் தப்பாகப் போய்விட்டால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாளே, அப்படித்தான் வந்திருந்தாள். நோட்டீஸைப் பார்த்தேன். ஊசிப் பென்சிலில் பிராக்கெட்டுகள். தலைப்புக்கு ஒன்று. தேதிக்கு ஒன்று. மண்டபத்துப் பெயருக்கு ஒன்று. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ என்று கட்டத்துக்குள் போட்டிருந்ததற்கு ஒன்று. பக்கத்திலேயே எண்களும் போட்டிருந்தாள். கேள்வி கேட்க யாரும் இல்லாததால் கேள்விகளையும் அவளே யோசித்திருக்கிறாள். என்ன முகாம், எப்போது, எங்கே, எதைக் கொண்டுபோக வேண்டும். பரீட்சைத் தாளாக இருந்தால் முழு மார்க் போட்டு, கீழே நன்று என்று எழுதியிருப்பேன். பக்கத்தின் அடியில், பிராக்கெட் எதுவும் இல்லாமல், பொடி எழுத்தில் அந்த ஒரு வரி இருந்தது.

சேலைக் கடை நோட்டீஸ், சுற்றி உட்கார்ந்து சிரித்த டீச்சர்மார், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கீழ போட்டிருக்கு பாரு. முழுசாப் படிச்சிருக்கணும்ல. ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"சரி டீச்சர்" என்றாள். நோட்டீஸைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

நீங்கள்தானே படிக்க வேண்டாம் என்றீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. பிள்ளைகள் எதையும் மறக்க மாட்டார்கள். போன வருஷம் சுதந்திர தினத்துக்கு நான் எந்தச் சேலை கட்டினேன் என்றுகூடச் சொல்வார்கள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் அதே சேலைக் கடை நோட்டீஸை மறுபடியும் எடுத்தேன். இனி பிராக்கெட் கிடையாது, எதைப் படித்தாலும் மேலேயிருந்து கீழே கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும், படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். பிள்ளைகள் முழித்தார்கள். பிராக்கெட் இல்லாவிட்டால் விடை எங்கே இருக்கும் டீச்சர் என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாள். பின்வரிசைப் பயல் ஒருவன், அன்னைக்கு இந்தச் சின்ன எழுத்தச் சும்மான்னு சொன்னீங்களே டீச்சர் என்றான். பேசாமல் உட்காரடா என்று அவனை அடக்கினேன். ஜன்னலோரம் பார்க்கவே இல்லை. பாடத்தைத் திருத்திவிட்டால் போதும், நான் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. டீச்சர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு. கரும்பலகையில் தப்பாக எழுதியதை யாரும் பார்ப்பதற்குள் கையாலேயே அழித்துவிடுவோம்.

நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பரிசோதனைச் சீட்டு தயாராக இருந்தால் அடுத்த முகாமில் பெயரைச் சேர்க்கிறோம், ஆனால் அது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சரி, சீட்டையாவது வாங்கிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு அவர்களை நானே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா, இடுப்பில் தம்பி, கூட அவள். டீச்சரே லீவு நாளில் இவ்வளவு தூரம் வருகிறார்களே என்று அந்த அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் நின்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பரிசோதனை முடிந்து சீட்டு கையில் கிடைத்தது. இரண்டு காதிலும் மெஷின் மாட்ட வேண்டும், சீக்கிரம் மாட்டுவது நல்லது என்று அங்கேயும் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சீட்டை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் தம்பியின் பெயரில் ஆரம்பித்து, வயது, தேதி, தெரிந்த சொல், தெரியாத சொல், ரப்பர் ஸ்டாம்பில் மங்கலாக இருந்தது, சீட்டின் அடியில் இருந்த அச்சகத்தின் எண் வரைக்கும் விடாமல் படித்தாள். படித்துவிட்டுப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அது வெறுந்தாள்.

"ஒண்ணும் விடல டீச்சர்" என்றாள்.

"இந்தப் புத்தி அன்னைக்கு எங்கடி போச்சு?" என்றார் அம்மா. "அம்புட்டு மார்க்கு வாங்குற, ஒரு நோட்டீஸ ஒழுங்காப் படிக்கத் தெரியல. எம்புள்ளைக்கு இந்நேரம் மெஷின் வந்திருக்கும்."

அவள் தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு எங்காவது திரும்பியிருப்பேன். அவள் பார்க்காததால் எனக்கு ஒளிய இடமில்லாமல் போய்விட்டது.

"அவ அன்னைக்கும் சரியாத்தாம்மா படிச்சா. நான் எப்படிச் சொல்லிக்குடுத்தேனோ அப்படியே படிச்சா. சின்ன எழுத்தப் படிக்க வேணாம்னு சொன்னது நாந்தான். தப்பு எம்மேல" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சும்மா இருங்க டீச்சர். அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க. படிக்க வேணாம்னு எந்த டீச்சராவது சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி வாங்கிவர எழுந்து போனார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. இத்தனை நாள் மென்று முழுங்கிய விஷயத்தை ஒருவழியாகச் சொன்னேன், அது எனக்கு நல்ல பெயராகவே போய்ச் சேர்ந்தது. பெஞ்சில் நானும் அவளும் தம்பியும் மட்டும் இருந்தோம். தம்பி என் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காது.

அவள் சீட்டை மடிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"அப்ப நான் தப்புப் பண்ணலையா டீச்சர்?"

"இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். தம்பியை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து காப்பிக்குப் போன அம்மாவைத் தேடுகிற மாதிரி வராந்தாவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் கோபம் இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல்தான்.

"அத நான் நோட்டீஸ் கொண்டாந்து கேட்டன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"